பல குலத்தார், ஒரு நாட்டார்

ஒரு நாட்டின் குடிகளை எண்ணப் புகும் அரசாங்கம் அவர்தம் வயது, தொழில், கல்வி என்பனவற்றைக் கேட்டறிதல் எங்கணும் உள்ள வழக்கம். குலத்தையும் சமயத்தையும் உடன் கேட்டறிதலும் பல நாடுகளில் உண்டு. ஆயின், ஆப்பிரிக்காக் கண்டத்தின் கீழ்கரையிலுள்ள தான்சானியா நாட்டில், 1967-ஆம் ஆண்டுக்குப் பின்னர் எடுக்கப்பெற்ற குடிமதிப்பு எதனிலும் இவ்விரு வினாக்களும் இடம்பெறவில்லை. 2022-ஆம் ஆண்டின் மதிப்புப்படி அந்நாட்டு மக்கள் தொகை 6,17,41,120. இவருள் கிறிஸ்தவர் இத்துணையர், முஸ்லிம்கள் இத்துணையர், இன்ன குலத்தார் இத்துணையர் என்று அரசாங்க ஏட்டைப் புரட்டி உரைத்தல் எவர்க்கும் இயலாது. இக்கேளாமை மறதியால் நேர்ந்ததன்று, கொள்கையால் நேர்ந்தது. அக்கொள்கையால் விளைந்த நன்மை யாது, அந்நன்மைக்குரிய விலையைக் கொடுத்தவர் யாவர் என்பனவற்றை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

முதற்கண் அந்நாட்டு மக்களின் பன்மையைச் சிறிது காண்போம். தான்சானியாவில் 120-க்கு மேற்பட்ட குலத்தார் வாழ்கின்றனர். ஏறத்தாழ அத்துணை மொழிகளும் வழங்குகின்றன. பெரும்பாலார் பாந்து என்னும் மொழியினத்தைச் சார்ந்தவர். மாசாய்கள் நைல் நதிப்புறத்து மொழியினத்தார். வடக்கே உம்புலு மேட்டு நிலத்தில் உழுதொழில் செய்யும் இராக்கு மக்கள் எத்தியோப்பியா, சோமாலியா நாடுகளில் வழங்கும் மொழிகளுக்கு உறவான கூஷிய மொழி பேசுவோர். ஹட்சா, சண்டாவே என்னும் இரு சிறு குலத்தாரோ நாவினால் 'டக்' என ஒலியெழுப்பும் சொடுக்கு மெய்களையுடைய மொழிகளைப் பேசுகின்றனர். ஆப்பிரிக்க மொழிகளைப் பண்டை ஆராய்ச்சியாளர் நான்கு பெரும் பிரிவாகப் பகுத்தனர். அந்நான்கும் ஒரே நாட்டெல்லைக்குள் தொன்றுதொட்டு வழங்கி வருதல் தான்சானியாவின் சிறப்பாகும்.

மொழியிற் காணும் பன்மை வாழ்க்கையிலும் காணப்படுகிறது. 5,895 மீட்டர் உயர்ந்த கிளிமஞ்சாரோ மலைச்சாரலில் வாழும் சாக்கா மக்கள், காட்டருவி நீரை நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்து வாழைத் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவதில் தலைமுறை தலைமுறையாய்க் கைதேர்ந்தவர். வாழை நிழலிற் காப்பி பயிரிடும் இவர், 1933-ஆம் ஆண்டிலேயே தம் காப்பியைத் தாமே விற்கும் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர். விக்டோரியா ஏரியின் மேற்கரையில் வாழும் ஹாயா மக்களிடம் காப்பி குடிக்கும் பொருளாவதற்கு முன்னரே மெல்லும் பொருளாய் இருந்தது. விருந்தினர் வந்தால் பதப்படுத்திய காப்பிக் கொட்டையை நீட்டுதல் அவர் மரபு. ஏரியின் தென்பால் வாழும் சுகுமா மக்களே நாட்டிற் பெருந்தொகையினர். அறுவடை முடிந்தபின் இவர்தம் இரு ஆடற்குழுக்கள் எதிரெதிரே நின்று போட்டியாய் ஆடும். நடுவர் தீர்ப்பு அங்கே வேண்டப்படுவதில்லை. எப்பக்கம் சனங்கள் மிகுதியாய்த் திரண்டனரோ அப்பக்கமே வென்றது.

மாசாய்கள் ஆனிரையே செல்வமெனக் கொண்டவர். உடன்வயதினர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இளவீரர் நிலையினின்று மூப்பர் நிலைக்குப் படிப்படியாய் உயர்தல் அவர்தம் சமுதாய ஒழுங்கு. தெற்கே மக்கொண்டே மக்கள் தாய்வழியே குலம் கணிப்போர். கருங்காலி போன்ற கறுத்த வயிரமரத்திற் சிற்பம் செதுக்குவதில் உலகப் புகழ் பெற்றவர். ஒரே மரத்துண்டில் பல மானிட உருவங்கள் ஒருவர்மேல் ஒருவராய், ஒருவரை ஒருவர் தாங்கி நிற்பதாக அவர் செதுக்கும் சிற்பம் அந்நாட்டின் அடையாளமாகவே கருதப்படுகிறது. ஏயாசி ஏரிப்புறத்து ஹட்சாக்கள் உழுவதுமில்லை, ஆடு மாடு வளர்ப்பதுமில்லை. வில்லேந்தி வேட்டையாடியும், கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும் உண்போர். தேன் இருக்குமிடத்தைக் குரல்கொடுத்துக் காட்டும் பறவையொன்றை அவர் சீழ்க்கையடித்து அழைத்துப் பின்தொடர்ந்து செல்வர். அரசன் என்றும் குடி என்றும் அவருள் வேற்றுமையில்லை. இம்மக்கள் ஏறத்தாழ ஓராயிரவரே.

இத்துணை வேறுபட்ட மக்களை ஒரு நாட்டாராக்கியது யாது? அந்நியர் ஆட்சியில் யாவரும் பட்ட துன்பமே என்று சிலர் விடை கூறுவர். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஜெர்மானியர் அந்நாட்டை ஆண்ட காலத்தில் பருத்தி பயிரிடுமாறு குடிகளைக் கட்டாயப்படுத்தி வருத்தினர். 1905-ஆம் ஆண்டில் கிஞ்சிகிட்டிலே என்னும் மருளாடி ஒருவர், தாம் அளிக்கும் நீரைத் தெளித்துக்கொண்டால் பகைவர் துப்பாக்கிக் குண்டுகள் நீராய்ப் போகும் என்றார். 'மாஜி' எனின் நீர். அச்சொல்லே போர் முழக்கமாயிற்று. அதற்குமுன் தனித்தனி வாழ்ந்த மட்டும்பி, இங்கிண்டோ, இங்கோனி முதலிய பல குலத்தார் ஒன்றுகூடி எழுந்தனர். குண்டுகள் நீராகவில்லை. ஜெர்மானியர் பயிரையும் களஞ்சியத்தையும் எரித்தனர். போரினும் பஞ்சத்தினால் மாண்டோர் மிகப் பலர். 1907-இல் முடிந்த அக்கிளர்ச்சியில் இறந்தோர் 75,000 முதல் 3,00,000 வரை இருக்கலாமென ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் சொங்கேயா நகர்க்குச் சென்று இக்கொடுமைக்காக மன்னிப்பு வேண்டினார்.

எனினும், துன்பம் மட்டும் மக்களைப் பிணிக்குமாயின், ஆப்பிரிக்காவில் அந்நியர்க்கு அடிமைப்பட்ட நாடுகள் அனைத்தும் இன்று ஒற்றுமைக்கு உறைவிடமாய் இருத்தல் வேண்டும். அங்ஙனம் இல்லாமையை யாவரும் அறிவர். ஆதலின் வேறு காரணம் நாடுதல் இன்றியமையாதது.

அக்காரணங்களுள் தலையாயது ஸ்வாஹிலி மொழி. 'கரைகள்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. இலக்கண அமைதியில் இது பாந்து மொழியே. நூற்றாண்டுகளாகக் கடல் வாணிகத்தால் வந்து படிந்த அயற்சொற்களோ மிகப் பல. புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாபு' அரபுச்சொல்; மேசையைக் குறிக்கும் 'மேசா' போர்த்துகேசியச் சொல்; பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் 'ஷூலே' ஜெர்மானியர் விட்டுச்சென்றது; வண்டியைக் குறிக்கும் 'காரி'யும், அங்காடிகளில் விற்கும் 'சப்பாத்தி'யும் இந்திய வணிகருடன் மரக்கலம் ஏறிச் சென்றவை. உள்நாட்டிலிருந்து தந்தம் சுமந்து கடற்கரைக்கு நடந்த நியாம்வேசிச் சுமைகாரர் இம்மொழியைத் தம் ஊர்களுக்குக் கொண்டுபோயினர். மிஷனெரிமார் இதற்கு இலக்கணமும் அகராதியும் வகுத்தனர். 1850-இல் கிராப் ஐயர் இலக்கணம் வெளியிட்டார். ஸ்டீர் அத்தியட்சர் 1870-இல் வெளியிட்ட கைநூல் நெடுங்காலம் பயன்பட்டது. 1930-இல் பிரிட்டிஷார் அமைத்த மொழிக்குழு சான்சிபார் நகர வழக்கை அடிப்படையாய்க் கொண்டு எழுத்துநடையை ஒழுங்குபடுத்திற்று.

இம்மொழியின் மெய்யான வலிமை யாதெனின், உள்நாட்டுப் பெருங்குலம் எதற்கும் இது தாய்மொழியன்று என்பதே. சுகுமா மொழியே அரசமொழி என்றிருப்பின் சாக்காக்கள் வெகுண்டிருப்பர்; சாக்கா மொழி என்றிருப்பின் ஹாயாக்கள் இணங்கார். ஸ்வாஹிலியைக் கற்பதில் உள்நாட்டார் அனைவர்க்கும் உழைப்பு ஒன்றே. ஆதலின் வென்றோம் என்பாரும் தோற்றோம் என்பாரும் அவருள் இலர். தங்கனீக்கா நாட்டின் விடுதலைத் தலைவர் ஜூலியஸ் நியரேரே இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். அவரே பள்ளியாசிரியர். அந்நாட்டார் அவரை இன்றும் 'ஆசிரியர்' எனப் பொருள்படும் 'இம்வாலிமு' என்றே அழைக்கின்றனர். நாட்டை ஆளும் பெரும் பணிக்கிடையே ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் இரண்டை அவர் ஸ்வாஹிலியில் மொழிபெயர்த்தார்: 1963-இல் ஜூலியஸ் சீசர், 1969-இல் வெனிசு வணிகன். உயர்ந்த கருத்துக்களைத் தாங்க இம்மொழிக்கு ஆற்றல் உண்டோ என ஐயுற்றார்க்கு இதனினும் தக்க மறுமொழி வேறென்ன?

ஆனால், மொழியொன்றே போதும் எனக் கூறிவிடுதல் பொருந்தாது. அண்டை நாடான கென்யாவிலும் ஸ்வாஹிலி தேசிய மொழியே. எனினும் 2007-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலையொட்டி அங்கே குலப்பகை மூண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தான்சானியாவில் மொழிக்குத் துணையாக வேறு சில ஏற்பாடுகளும் இருந்தன. 1961-இல் விடுதலை பெற்ற தங்கனீக்கா 1963-இலேயே குலத்தலைவர்களின் ஆட்சியுரிமையை நீக்கிவிட்டது. அதனை நீக்கிய நியரேரே தாமே ஒரு குலத்தலைவரின் மைந்தர் என்பதும், அவர் பிறந்த சனாக்கி குலம் மிகச் சிறியது என்பதும் நினைவிற் கொள்ளற்பாலன. தம் குலத்தாரைப் பதவிகளில் நிரப்பினார் என்று அவரைக் குறைகூற இடமில்லாது போயிற்று. குலத்தின் பெயராலோ சமயத்தின் பெயராலோ அரசியற் கட்சி அமைத்தலைச் சட்டம் தடுத்தது. ஒரு பகுதி மாணவரை வேறு பகுதி விடுதிப்பள்ளிகளுக்கு அனுப்பினர்; ஆசிரியரையும் அலுவலரையும் பிறந்த ஊருக்கு அப்பால் அமர்த்தினர். ஒரே அறையிற் படுத்துறங்கி, ஒரே கலத்துச் சோளக்களியைப் பகிர்ந்துண்ட இளைஞரிடையே குலப்பகை வேரூன்றுதல் எளிதன்று. விடுதியில் வாழும் நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அரசாங்கம் செய்யாது, மக்கள் தாமே செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'உத்தானி'. முறைகாரர் கேலி எனலாம். முற்காலத்தில் போரிட்ட குலத்தாரும், வணிகத்தால் ஒருவரை ஒருவர் சார்ந்திருந்த குலத்தாரும் பிற்காலத்தில் கேலி முறை பாராட்டுவாராயினர். இம்முறையினர் ஒருவரையொருவர் எத்துணை இழித்துப் பேசினும் சினத்தல் ஆகாது. சாவு வீட்டிலும் அவர் புகுந்து நகையாடுவர். துயருற்றார் அதனைப் பொறுப்பதோடு ஆறுதலாகவும் கொள்வர். வாளால் தீர்த்துக்கொண்ட வழக்கை நகைப்பினால் தீர்த்துக்கொள்ளக் கற்ற மக்களை நாகரிகம் அற்றவர் என உரைப்பார் உளராயின், நாகரிகம் என்பதற்கு அவர் கொண்ட பொருள் யாதோ, நாம் அறியோம்.

இனிச் சமயநிலையை நோக்குவோம். தான்சானியாவின் பெருநிலப் பகுதியில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராய்க் கலந்து வாழ்கின்றனர். சான்சிபார் தீவினரோ ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள். முன்னோர் வழிபாட்டையே சமயமாகக் கொண்டாரும் உளர்; கோவிலுக்கோ மசூதிக்கோ செல்வாருள்ளும் முன்னோரை நினைந்து செய்யும் சடங்கைக் கைவிடாதார் பலர். கடவுளுக்கு ஸ்வாஹிலியில் 'முங்கு' என்பது பெயர். இது பழைய பாந்துச் சொல். கிறிஸ்தவர் செபத்திலும் முஸ்லிம்கள் தொழுகையுரையிலும் இச்சொல்லே பயில்கின்றது. நாட்டுத் தலைமையிலும் ஓர் ஒழுங்கு தானாக அமைந்தது. நியரேரே கிறிஸ்தவர்; அடுத்து வந்த முவினி முஸ்லிம்; உம்காப்பா கிறிஸ்தவர்; கிக்குவேத்தே முஸ்லிம்; மகுபுலி கிறிஸ்தவர்; அவர் 2021-இல் மரணமடைந்தபின் பதவியேற்ற சாமியா சுலுஹு ஹசன் அம்மையார் முஸ்லிம். இம்மாறிவரும் முறை எச்சட்டத்திலும் எழுதப்பட்டதன்று.

சான்சிபார் நகரத்தில் அடிமைகளை விற்ற சந்தை 1873-இல் மூடப்பட்டது. அவ்விடத்திலேயே மேற்கூறிய ஸ்டீர் அத்தியட்சர் ஆலயம் ஒன்றை எழுப்பினார். மனிதரை மாடுகள்போல் விலைபேசிய இடம் வழிபாட்டிடமாயிற்று. முஸ்லிம்கள் சூழ வாழும் நகரில் அது இன்றும் நிலைத்து நிற்கின்றது. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் அத்தீவிலும் பெருநிலத்திலும் கோவில்கள் தாக்கப்பட்டதும், குருமார் கொல்லப்பட்டதும் மெய்யே. இரு சமய நட்பு இயற்கையாய் விளைந்து தானே நிற்பதன்று, நாள்தோறும் பேணற்பாலது என்பதையே அச்சம்பவங்கள் உணர்த்துகின்றன.

இதுகாறும் கூறியவை ஒரு பக்கம். மறுபக்கத்தையும் மறையாது கூறுதல் நம் கடமை. ஒற்றுமை ஒன்றையே புகழ்ந்து, அதற்காக வருந்தியவரை மறத்தல் நடுநிலையாகாது.

1963 டிசம்பரில் விடுதலை பெற்ற சான்சிபாரில் 1964 ஜனவரி 12-ஆம் நாள் புரட்சி மூண்டது. நெடுங்காலம் அத்தீவை ஆண்ட சுல்தானின் ஆட்சி கவிழ்ந்தது. அரபியரும் இந்தியரும் ஆயிரக்கணக்காய்க் கொல்லப்பட்டனர். பலர் நாட்டைவிட்டு ஓடினர். அவ்வாண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் தங்கனீக்காவும் சான்சிபாரும் இணைந்தன; இணைந்த நாடே தான்சானியா. 2021-இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னா அத்தீவிற் பிறந்து, புரட்சிக்குப்பின் இளமையிலேயே வெளியேறியவர். பிறந்த மண்ணை இழந்தார் துயரமே அவர் நாவல்களின் உயிர்நாடி. கடற்கரையில் கலந்து பிறந்த மொழி நாட்டை இணைத்தது; அம்மொழி பேசிய கலப்பு மக்களிற் பலர்க்கோ அந்நாட்டில் இடமில்லாது போயிற்று. இம்முரண்பாடு நம் நெஞ்சை உறுத்துகின்றது.

அடுத்து, 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் சிதறி வாழ்ந்த குடிகளைப் பெரிய கிராமங்களிற் சேர்க்கும் திட்டம் நடந்தது. பள்ளியும் மருத்துவமும் நீரும் எல்லார்க்கும் கிட்டவேண்டுமென்னும் எண்ணம் நல்லதே. ஆயின், இணங்காதாரைப் படைகொண்டு பெயர்த்ததும், சில இடங்களில் அவர்தம் வீடுகளை எரித்ததும் அந்நல்லெண்ணத்துக்கு மாசு. பள்ளிகளிலோ, ஸ்வாஹிலிக்கும் ஆங்கிலத்துக்கும் இடம் கிடைத்தது. 120 தாய்மொழிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. பெருந்தொகையினர் பேசும் மொழி இதனால் உடனே அழியாது. ஓராயிரவர் பேசும் ஹட்சா மொழியின் நிலை அன்னதன்று. உலகில் வேறெம்மொழிக்கும் உறவென நிறுவப்படாத அம்மொழியின் சொற்கள் பள்ளிவாயிலில் நின்றுவிடுகின்றன.

மாசாய்கள் கதையும் இத்தகையதே. செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்காக 1959-இல் அவர் தம் மேய்ச்சல் நிலத்தை விட்டு அகன்றனர். கோரோங்கோரோவில் ஆனிரையோடு வாழலாமென்னும் உறுதி அப்போது அவர்க்கு அளிக்கப்பட்டது. 2022 முதல் அவ்விடத்தினின்றும் அவர் தொலைவிலுள்ள வேற்றூருக்குப் பெயர்க்கப்படுகின்றனர். விரும்பினாரே செல்கின்றனர் என்பது அரசாங்கத்தின் கூற்று; குடியிருப்பார்க்குரிய வசதிகளை ஒவ்வொன்றாய்க் குறைத்தால் விருப்பம் எங்கிருந்து வரும் என்பது மாசாய்களின் வினா. அவ்வாண்டிலேயே லோலியோண்டோவில் எல்லைக்கல் நாட்டவந்த காவலர்க்கும் அவர்க்கும் மோதல் நேர்ந்தது. யானையும் சிங்கமும் எத்துணை என எண்ணிக் காக்கும் அரசாங்கம், அவற்றோடு பன்னெடுங்காலம் வாழ்ந்த குடிகளை எண்ணாது விடுதல் முறையன்று.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் நடந்த தேர்தலும் ஓர் எச்சரிக்கையாகும். முதன்மையான எதிர்க்கட்சி போட்டியினின்று விலக்கப்பட்டிருந்தது. கிளர்ந்தெழுந்தார் பலர் துப்பாக்கிக்கு இரையாயினர். அது குலப்பகையுமன்று, சமயப்பகையுமன்று. அவ்வளவில் பழைய அடித்தளம் உறுதியாய் இருத்தல் தெளிவு. ஆயினும், பேசாதிருத்தலையே அமைதியெனப் பெயரிட்டு வந்தால், அடக்கப்பட்ட குரல் ஒருநாள் தெருவுக்கு வந்தே தீரும் என்பதும் தெளிவு.

ஆயின், குலத்தைக் கேளாதிருத்தல் தவறோ? தவறு என்று நாம் கூறமாட்டோம். வாக்குக் கேட்கும்பொழுதும் பதவி கொடுக்கும்பொழுதும் "நீ எக்குலம்?" என வினவாத அரசு போற்றத்தக்கதே. அண்டையிலுள்ள ருவாண்டாவில் அந்நியர் அடையாளச் சீட்டில் எழுதிவைத்த குலப்பெயர், 1994-ஆம் ஆண்டில் கொலைஞர் கையில் எத்தகைய கருவியாயிற்று என்பதை நினைப்பார்க்கு இதன் அருமை விளங்கும். ஆனால், நிலத்தைப் பங்கிடும்பொழுதும் பள்ளி அமைக்கும்பொழுதும் "நின் மொழி யாது? நின் மேய்ச்சல் நிலம் எது?" என வினவாதிருத்தல் சமத்துவமன்று, அது காணாக்கண். வலியார் கேளாதிருப்பினும் காணப்படுவர். எளியாரோ, கேட்டாலன்றிக் காணப்படார். 2011-ஆம் ஆண்டில் ஹட்சாக்களுக்கு யாயேதாப் பள்ளத்தாக்கில் தம் நிலத்தின்மீது குலவுரிமைச் சீட்டு வழங்கப்பட்டது. அதனால் தான்சானியாவின் ஒற்றுமை சிறிதும் குலையவில்லை. சிறுபான்மையோரைப் பெயர் சொல்லி அழைத்து அவர்க்குரியதை அளித்தால் நாடு பிளவுபடும் என அஞ்சுவார்க்கு இதுவே விடை.

மாணவ நண்பர்காள்! ஆப்பிரிக்காவைப் பற்றி நாம் படிக்குங்கால் போரும் பஞ்சமுமே கண்ணிற் படுகின்றன. தான்சானியா நமக்குக் காட்டுவது வேறு. 120 குலத்தார், பல சமயத்தார், ஒருவர் மொழியை மற்றவர்மேற் சுமத்தாது, ஒருவர் கடவுட்பெயரை மற்றவர் பழியாது, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கொடியின்கீழ் வாழ்ந்து வருகின்றனர். இஃது எளிய சாதனையன்று. கற்றோர் சிலர் சிந்தித்தும், கல்லாதார் பலர் நகைத்தும் பொறுத்தும் கட்டிய கட்டடம். அக்கட்டடத்தின் உறுதியை அளக்கவேண்டின் அதன் மாடத்தை நோக்கற்க. அடியில் நிற்கும் சிறு கல்லை நோக்குக. மக்கொண்டேச் சிற்பத்தில் எல்லார்க்கும் கீழே நின்று எல்லாரையும் தாங்கும் உருவமும் மனித உருவமே. அதன் முகத்தையும் பிற முகங்களைப் போலவே செவ்வையாகச் செதுக்கியவன் சிற்பி. ஒற்றுமையை விரும்பும் எந்நாட்டாரும் அவனிடம் கற்கவேண்டிய பாடம் அதுவே.